ஆள் ஒருவர், முகவரி பல

மதுரையையும் திருநெல்வேலிச் சீமையையும் 1759 முதல் ஆண்டு, 1764 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தூக்கிலிடப்பட்ட வீரர் ஒருவரைச் சரித்திரம் பல பெயரால் அழைக்கின்றது. ஆங்கிலக் கும்பினியாரின் ஏடுகளில் அவர் யூசுப் கான். நாட்டுப் பாடல்களில் அவர் கான்சாகிபு. ‘கம்மந்தான்’ என்பது படைத்தலைமை பற்றி வந்த பெயர். மருதநாயகம் என்பது அவருடைய பிள்ளைப்பருவத்துப் பெயரெனக் கூறப்படுவது. மதுரையிற் கான்சாமேட்டுத் தெரு இன்றும் உள்ளது. வத்திராயிருப்பை அடுத்த எம் ஊராகிய கான்சாபுரத்தின் பெயரைக் கேட்பார்க்கும் அவர் நினைவே முந்துறும். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியிற் புகுவது ஈண்டு எம் நோக்கமன்று. யாம் சொல்லவந்தது பிறிதொன்று. ஒருவர் அவ்வீரரை எப்பெயரால் அழைக்கின்றார் என்பதைக் கொண்டே, அவரைப்பற்றி எங்குக் கற்றார் என்பதை ஒருவாறு உணர்ந்துவிடலாம். ‘யூசுப் கான்’ என்பவர் ஆங்கில நூல் பயின்றவர். ‘கான்சாகிபு’ என்பவர் கதைப்பாடல் கேட்டவர். ஆள் ஒருவரே, வழங்கும் பெயரோ, அது வந்த வழியைத் தானே காட்டிக்கொடுக்கின்றது.

இவ்வியல்பை மின்னஞ்சல் முகவரியில் வைத்துப் பயன்கொள்ளும் முறை ஒன்று நெடுங்காலமாக உள்ளது. கணினித் தொழிலோர் அதனை நன்கறிவர். ஆனால் நம்போன்ற கலைப்பிரிவு மாணவர் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மேற்பட்டோர் அதனைக் கேட்டதும் இலர் என்பது எம் வகுப்பினரிடையே யாம் வினாவியறிந்த செய்தி. ஆதலின் அதனை இவ்விதழில் எழுதத் துணிந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு இதனை இலக்கணத்தாலேயே விளக்கிவிடலாம். பகுபத உறுப்புக்கள் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு என்பது நன்னூல் கற்றார் அறிந்ததே. மின்னஞ்சல் முகவரியில் @ என்னும் குறிக்கு முன் நிற்கும் பெயரைப் பகுதி என்று கொள்க. அப்பகுதியின் பின் + என்னும் கூட்டற்குறியை இட்டு, அதன்பின் நாம் விரும்பிய சொல் ஒன்றைச் சேர்த்தால், அச்சொல் விகுதி போல் ஒட்டி நிற்கும். ‘ஞானமணி’ என்பது ஒருவர் முகவரியின் பெயராயின், ‘ஞானமணி+நூலகம்’ என்று நூலகத்தார்க்கும், ‘ஞானமணி+உதவித்தொகை’ என்று உதவித்தொகை விண்ணப்பத்திலும், ‘ஞானமணி+புடைவை’ என்று தமக்கையாரின் பொருட்டு ஆடைக்கடைக்கும் கொடுக்கலாம். (இவை ஆங்கில எழுத்தில் எழுதப்படுவன; அச்சின் பொருட்டு நம் எழுத்தில் தந்தோம்.) விகுதி எத்துணை வேறுபட்டாலும் அஞ்சல் யாவும் ஞானமணி என்பவரின் பெட்டிக்கே வந்து சேரும். இதற்கென முன்னரே யாரிடமும் பதிவு செய்ய வேண்டுவதில்லை. படிவத்தை நிரப்பும் அப்பொழுதே விகுதியை மனம்போல் படைத்துக்கொள்ளலாம்.

வந்த அஞ்சலின் தலைப்பில் ‘பெறுநர்’ என்னுமிடத்தில் விகுதியோடு கூடிய முகவரி அப்படியே நிற்கும். அதனைக் கொண்டு பெட்டியில் ஒரு வடிகட்டி அமைத்துவிட்டால், ‘உதவித்தொகை’ என்ற விகுதியோடு வருவன ஒரு பகுப்பிலும், ‘புடைவை’ என்று வருவன மற்றொரு பகுப்பிலும் தாமே சென்று அமரும். எம் பக்கத்து உழவர்க்கு இது புதிதன்று. பிளவக்கல் அணையின் நீர் கண்மாயை நிரப்புகின்றது. கண்மாயினின்று மடைகளின் வழியே வயலுக்குப் பாய்கின்றது. ஒரு வயலில் நீர் மிகுமாயின் அவ்வயலின் மடையை அடைப்பரேயன்றிக் கண்மாயைத் தூர்ப்பார் இலர். ஆனால் மின்னஞ்சலில் நம்மவர் செய்வது கண்மாயைத் தூர்ப்பதே. விளம்பரம் பெருகிவிட்டதெனச் சலித்துப் பழைய முகவரியைக் கைவிட்டுப் புதிய முகவரி தொடங்குவர். பழைய முகவரிக்கு வரவேண்டிய தேர்வுச் செய்தியும் அதனுடன் ஒழியும். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு விகுதி கொடுத்திருப்பின், தொல்லை தரும் அம்மடை ஒன்றை மட்டும் அடைத்து வாளாவிருக்கலாம்.

இம்முறை ஒரு நிறுவனத்தின் தந்திரமன்று. @ என்னும் குறிக்கு முன் உள்ள பகுதியை எவ்வாறு பொருள்கொள்வது என்பது அவ்வஞ்சலைப் பெறும் நிலையத்தாரின் உரிமை என்பதும், இடையில் நிற்போர் அதற்குப் பொருள் கூறலாகாது என்பதும் மின்னஞ்சல் விதிகளில் உள்ளவை. 1990 களில் எழுந்த கியூமெயில் என்னும் அஞ்சற் செயலி கூட்டற்குறிக்கு மாறாகச் சிறுகோட்டை மேற்கொண்டது. விகுதியைக் கொண்டு அஞ்சலைப் பிரிக்கும் நெறியை 2008 ஆம் ஆண்டில் வெளியான 5233 ஆம் எண் இணைய விதியேடு வரையறுத்துரைக்கின்றது. 2004 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்கிய ஜிமெயிலும், அவுட்லுக், புரோட்டான் முதலியனவும் இன்று கூட்டற்குறியை ஏற்கின்றன. நிறுவனங்கட்கென மைக்ரோசாப்ட் நடத்தும் அஞ்சற் பணியில் இவ்வசதி 2020 ஆம் ஆண்டிலேதான் வந்தது.

ஜிமெயிலில் மற்றொரு விந்தையும் உண்டு. பெயரின் எழுத்துக்களுக்கிடையே எத்தனை புள்ளி இட்டாலும், இடாவிட்டாலும், அது ஒரே முகவரியாகவே கொள்ளப்படும். பத்தெழுத்துப் பெயரொன்றில் எழுத்துக்களின் இடைவெளி ஒன்பது. ஒவ்வோர் இடைவெளியிலும் புள்ளி இடலாம், விடலாம். ஆகவே அப்பெயர் 512 வடிவு கொள்ளும். இதனைக் கேட்டபோது எமக்கு ஓலைச்சுவடி நினைவே வந்தது. ஏட்டில் எழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடாது சென்றனர். படிப்போர் இடமறிந்து புள்ளியைத் தம் மனத்தால் இட்டுக்கொண்டனர். எகர ஒகரங்களின் குறில் நெடில் மயக்கம் தீர வீரமாமுனிவர் எழுத்துச் சீர்திருத்தம் செய்தமையும் இது தொடர்பாக நினைக்கத்தக்கது. ஓர் எழுத்து முறையில் உயிர்நாடியாகிய புள்ளி மற்றொன்றில் வெறும் அலங்காரம் ஆதலும் உண்டு போலும்! ஆனால் இவ்வேறுபாடு விளையாட்டன்று. ஜிமெயில் ஒன்றெனக் கொள்ளும் இரு வடிவுகளை வேறு கடையார் இருவரெனக் கொள்வராயின், ஒருவர் தொடங்கிய கணக்கின் கட்டண ஓலை மற்றொருவர் பெட்டிக்கு வந்து, அவரும் தமதென நினைத்துப் பணம் செலுத்தக்கூடும். இத்தகைய ஏமாற்று நிகழக்கூடும் என்பதனைக் கணினிப் பொறியாளர் 2018 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். புள்ளி வேறுபாட்டினும் கூட்டற்குறி நன்று என்பதே எம் கருத்து. புள்ளி எங்கு இட்டோம் என்பதை யார் நினைவில் வைப்பர்? விகுதியோ பொருள் தெரிய நிற்கும்.

நிற்க. முகவரியில் குறி இட்டு வழியறியும் சூழ்ச்சி வணிகருடையதே. நாம் அதனை அவர்பால் கற்றோம் என்றலே பொருந்தும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு வணிகர் பத்திரிகைதோறும் விளம்பரம் செய்யுங்கால், ஒரே அலுவலகத்தின் முகவரியில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எண் சேர்த்து அச்சிட்டனர். மடல் எழுதுவோர் அவ்வெண்ணையும் எழுதுவர். எப்பத்திரிகையால் எத்துணைப் பேர் வந்தனர் என்பது வணிகர்க்கு அதனால் விளங்கும். அமெரிக்க விளம்பர ஆசிரியராகிய கிளாட் ஹாப்கின்ஸ் 1923 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்முறையை மிக வற்புறுத்துகின்றார். நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘எழுதும்போது இப்பத்திரிகையைக் குறிப்பிடுக’ என்ற வேண்டுகோளை விளம்பரத்தின் அடியிற் கண்டோர் பலர். அன்று வணிகர் மக்களைப் பின்தொடர இட்ட குறியை இன்று மக்கள் வணிகரைப் பின்தொடர இடுகின்றனர். ‘புடைவை’ என்ற விகுதி ஒரு கடைக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அவ்விகுதியோடு கடன் கொடுப்போரும் மனை விற்போரும் எழுதுவாராயின், முகவரி எவ்வீட்டுச் சுவரைத் தாண்டி வெளிப்போந்தது என்பது தெளிவு.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முகவரி வெளிப்போந்த வீடு தெரியுமேயன்றி, வீட்டுக்காரர் விற்றனரோ, கள்வர் கவர்ந்தனரோ என்பது விகுதியால் தெரியாது. விகுதியைக் கண்டவுடன் கடைக்காரர்மேற் பழி சுமத்துவது நியாயமன்று. கேள்வி கேட்க அது போதிய காரணம். தீர்ப்புக் கூற அன்று.

இம்முறையை இகழ்வோரும் உளர். கூட்டற்குறிக்குப் பின் உள்ளதை நீக்கிவிட்டால் பகுதி வெளிப்படுமே, தீயோர்க்கு அது தெரியாதா என்பர். தெரியும். பல்லாயிரம் முகவரிகளை வாங்கி விற்போர் ஒரு வரிக் கட்டளையால் விகுதிகளையெல்லாம் நீக்கிவிடவல்லர். அன்றியும், விகுதியோடு வந்த அஞ்சலுக்கு நாம் விடை எழுதுங்கால், வேறு ஏற்பாடு செய்யாதவழி விடை நம் பகுதிப் பெயராலேயே செல்லும்; மறைத்தது வெளியாகும். உண்மையாகவே மறைந்து நிற்க விரும்புவார்க்கு வேறு வழி உண்டு. 2020 ஆம் ஆண்டில் மொசில்லா நிறுவனத்தாரும், 2021 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தாரும், பொருளற்ற எழுத்துக்களாலான முகவரிகளை வேண்டுமளவு படைத்துத் தந்து, அவற்றிற்கு வரும் அஞ்சலை நம் பெட்டிக்கு மாற்றியனுப்பும் பணியைத் தொடங்கினர். அதில் நம் பெயரின் நிழலும் படாது. வேண்டாதபோது அம்முகவரியையே ஒழிக்கலாம். ஆனால் விரிந்த பயனுக்குக் கட்டணம் உண்டு. மாணவர் பலர்க்கு அஃது இயலாது. கூட்டற்குறியோ காசில்லாதது. சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் குறி துணியைக் களவினின்று காப்பதில்லை. எவ்வீட்டுத் துணி என்பதையே காட்டும். அதுபற்றி அக்குறியைப் பயனற்றது என்பார் யார்? நாள்தோறும் வரும் அஞ்சலிற் பெரும்பகுதி தீயோர் அனுப்புவதன்று. நாமே ஒருகால் இசைந்து கொடுத்த முகவரிக்குச் சோம்பலின்றி எழுதிக்கொண்டேயிருக்கும் நல்ல நிறுவனத்தார் அனுப்புவது. அவர்கள் விகுதியை நீக்கப்போவதில்லை.

இனி, இதனை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். எம் ஊரிலும் அயலூர்களிலும் மேல்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரிக்கும், உதவித்தொகைக்கும், அரசுத் தேர்வுக்கும் விண்ணப்பம் செய்ய வேண்டுமாயின், வத்திராயிருப்புக்கோ ஶ்ரீவில்லிபுத்தூருக்கோ சென்று கணினி மையம் ஒன்றில் அமர்வர். படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கப்படும். பிள்ளைக்கு முகவரி இல்லை. இருப்பினும் கடவுச்சொல் நினைவில்லை. வெளியே வரிசை நீள்கின்றது. மையத்தார் தம் முகவரியையே இட்டுவிடுவர். ஒருவர்க்கு ஒரு முகவரிதான் என்று படிவம் தடுக்குமாயின், அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு புள்ளி என்று இட்டு, ஒரு பெட்டியையே முப்பது பிள்ளைகளின் முகவரியாக்கிவிடுவர். இதனை யாம் ஒரு முறையன்று, பல முறை நேரிற் கண்டோம். அவர்பால் தீய எண்ணம் இருந்ததெனக் கூறோம். பலர் உதவும் எண்ணத்தாலேயே செய்கின்றனர். ஆனால் விளைவு யாது? நேர்காணலுக்கு வருக என்ற அஞ்சலும், சான்றிதழில் பிழை உள்ளது, ஏழு நாளில் திருத்துக என்ற அஞ்சலும், கடவுச்சொல் மாற்றும் திறவுகோலும் மையத்தாரின் பெட்டியில் ஆயிரத்தோடு ஆயிரமாய்க் கிடக்கின்றன. பிள்ளையோ எருமைக்குத் தீவனம் வெட்டிக்கொண்டு, செய்தி வரும் வரும் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. விகுதியின் சூழ்ச்சி ஒன்றே. தன் முகவரியில் தான் இட்டுக்கொண்டால் உரிமை, பிறர் பெயரைத் தன் முகவரிக்கு விகுதியாக்கினால் அஃது அவர் வாயிலைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கட்டுவது.

ஆதலால் முதற்கண் பிள்ளைக்கு வேண்டுவது தன் பெயரில் ஒரு முகவரி, அதன்பின் விகுதி. எம் கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்கு நூலகம் காட்டும் நாள் ஒன்று உண்டு. அந்நாளில் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாகாதா? கணினித் துறையின் மூத்த மாணவர் ஒருவர் போதும். உதவித்தொகைக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, கடைகட்கு ஒன்று என மூன்று விகுதியும் மூன்று வடிகட்டியும் அமைத்துக் காட்டினால், பிறவற்றை அவர்களே கண்டுகொள்வர். விகுதியைப் பெருக்குவதில் அளவு வேண்டும் என்பதையும் அந்நாளிலேயே கூறிவிடல் நலம். ஒரு தளத்தில் எவ்விகுதியோடு பதிந்தோம் என்பதை மறந்தவர் அத்தளத்தினுள் மீண்டும் புகுதல் அரிது. ஆதலின் நிறுவனத்தின் பெயரையே விகுதியாகக் கொள்வது எளிது. ஒரே ஆள் பத்து விகுதியிட்டுப் பத்து ஆள்போல் நடித்து, புதியவர்க்கென வழங்கும் இலவசங்களைப் பத்துமுறை பெறுவது திறமையென எம் விடுதியில் சிலர் எண்ணுகின்றனர். அது களவே, அதற்கு வேறு பெயரில்லை.

படிவம் இயற்றுவோரிடமும் ஒரு வழக்கு நமக்கு உண்டு. ‘முகவரி பிழையானது’ என்று சிவப்பெழுத்திற் கூறிக் கூட்டற்குறியை மறுக்கும் படிவங்கள் நம் நாட்டில் மிகப்பல. விதிப்படி முகவரியில் வரத்தக்க குறி அது, மறுப்பதே பிழை. சிலர் எங்கோ கண்ட வாய்பாட்டை ஆராயாது எடுத்தாள்வதால் இது நேர்கின்றது. வேறு சில தளங்களில் முகவரியை ஏற்றுக்கொண்டு, பின்னர் இணைப்பு வரியில் எழுதுங்கால் கூட்டற்குறி வெற்றிடமாக மாறிவிடுகின்றது. ‘இனி அனுப்பற்க’ என்று நாம் அழுத்தும் இணைப்பு அதனால் வேலை செய்யாது போகின்றது. உள்ளே விடவும் தெரிந்து, வெளியே விடத் தெரியாத கதவு! தொலைபேசியில் முகவரி சொல்லுங்கால் ‘கூட்டல்’ என்பதைக் கேட்ட எழுத்தர் அதனை நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லாகவே எழுதிவிடுவதும் உண்டு. அதற்கு நாம் சிரிப்பதன்றிச் செய்யத்தக்கது யாதுமில்லை.

சட்டம் காக்கும் எனச் சிலர் கூறுவர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாளில் உச்சநீதிமன்றத்தின் நடுவர் ஒன்பதின்மர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கூறிய நோக்கத்திற்கே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பதும், இசைவைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதன் நெறி. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருவன. நன்றே. ஆனால் சட்டத்தின் வாயிலை அடைவோர் கையில் ஏதேனும் சான்று வேண்டுமன்றோ? ‘என் முகவரி வெளிப்பட்டது’ என்று வாயாற் சொல்லுவதற்கும், ‘உமக்கு மட்டும் கொடுத்த இவ்விகுதியோடு இவர் எழுதியிருக்கின்றார்’ என்று அஞ்சலைக் காட்டுவதற்கும் வேறுபாடு பெரிது.

மின்னஞ்சலைப்பற்றிப் பேசுங்கால் எம் பக்கத்தார் உடனே முகவூரை நினைவூட்டுவர். இராஜபாளையத்தை அடுத்த அவ்வூரில் இளமையிற் சிலகாலம் வளர்ந்த சிவா அய்யாதுரை, 1970 களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு நியூஜெர்சியில் மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொருட்டு ‘ஈமெயில்’ என்னும் பெயரில் ஒரு செயலி இயற்றி, 1982 ஆம் ஆண்டில் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். மின்னஞ்சலைக் கண்டவர் தாமே என்ற அவர்தம் கூற்றைக் கணினி வரலாறு எழுதுவோர் ஏற்பதில்லை. 1971 ஆம் ஆண்டிலேயே ரே டாம்லின்சன் @ குறியிட்டு ஒரு கணினியினின்று மற்றொன்றுக்கு மடல் அனுப்பினார். ஊர்ப்பற்று உண்மையை மறைக்க யாம் உடன்படோம். பதினான்கு பதினைந்து வயதில் அத்தகைய செயலி இயற்றியது தன்னளவிலேயே பாராட்டுக்குரியது. அதற்குமேல் ஏற்றம் எற்றுக்கு?

அதனினும் எமக்கு ஆவல் தருவது வேறு. ஆங்கிலமல்லாத எழுத்தில் மின்னஞ்சல் முகவரி அமைத்தற்குரிய விதி 2012 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘இந்தியா’ என்னும் தமிழெழுத்து ஈறு அதற்கு முன்னரே, 2011 ஆம் ஆண்டில், இணையத்திற் சேர்க்கப்பட்டது. ஆயினும் தமிழில் எழுதிய முகவரியை ஏற்கும் படிவங்கள் மிக அரியன. கூட்டற்குறி ஒன்றையே ஏற்க மறுக்கும் படிவம் ககரத்தை எங்ஙனம் ஏற்கும்? ஒன்றைத் திருத்தப் புகுவோர் மற்றொன்றையும் உடன் திருத்தலாம். இரண்டற்கும் தடை ஒரே வாய்பாடுதான். எம் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தை வரும் கோடையில் புதுப்பிக்க இருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். அதனை இயற்றும் அன்பர்கள் ‘ஞானமணி+கல்லூரி’ என்ற முகவரியை இட்டு ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாக.